லண்டனில் ஒரு பச்சைக் கோடு

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நண்பரோடு லண்டன் போய் வந்த கதையைச் சொல்லச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் விமானத்தில் என்ன சாப்பிட்டோம், குளிர் எப்படி இருந்தது என்பதில் உங்கள் நேரத்தைச் செலவழிக்க மனமில்லை. நம்மவர்கள் இப்போது நிறையப் பேர் லண்டன் போகிறார்கள். பிள்ளையின் பட்டமளிப்புக்குப் போகிறவர்கள் உண்டு, ஓய்வூதியப் பணத்தில் ஒருமுறையாவது பார்த்துவிடலாம் என்று போகிறவர்கள் உண்டு. போனவர்கள் பிக் பென் மணிக்கூண்டு, அரண்மனை வாசலில் காவலர் மாறுவது, தேம்ஸ் ஓரத்து ராட்டினம், கோஹினூர் வைரம் எல்லாம் பார்த்துவிட்டு வருகிறார்கள். நாங்களும் பார்த்தோம். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நம் பாட்டனும் பாட்டியும் எந்த மரத்தை வெட்டுவது, எத்தனை சென்ட் கூலிக்கு வெட்டுவது, எந்த ஆண்டில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்படுவது என்பதையெல்லாம் முடிவு செய்த ஊர் லண்டன். அந்த முடிவுகள் எடுக்கப்பட்ட இடங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன, கட்டணம் இல்லாமலே பெரும்பாலானவற்றைப் பார்க்கலாம். கிள்ளானில் பிறந்த ஒருவர் அவற்றைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு மனம் வலிக்கிறது. அதனால்தான் இந்த மேடை ஏறினேன்.

என் நண்பரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயா ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவர். நூறு குவார்ட்டர்ஸில் குடியிருந்த குடும்பம். 1905-ஆம் ஆண்டளவில் கட்டிய அந்த வரிசை வீடுகளை 2014-இல் இடித்தபோது அவர் தெருவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிள்ளான் பக்கம். என் பாட்டனார் பால்மரம் வெட்டினார், பாட்டி ஒட்டுப்பால் பொறுக்கினார். தோட்டத்துத் தமிழனும் ரயில்வேத் தமிழனும் ஒரே நாட்டில் இருந்தும் பல காலம் ஒருவரையொருவர் தூரத்தில் வைத்தே பார்த்தவர்கள் என்பது இங்கே இருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும். பெண் கொடுத்தல், எடுத்தல் எல்லாம் பின்னால் வந்தவை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனதில் எனக்குக் கிடைத்த லாபம் என்னவென்றால், நான் பார்க்கத் தெரியாத பாதியை அவர் பார்த்தார்.

நண்பர் லண்டன் ரயில் வரைபடத்தை மேசையில் விரித்து, பல நிறக் கோடுகளில் ஒரு பச்சைக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "வாத்தியார், இந்த ஒரு கோட்டைப் பிடிச்சால் போதும். நீங்கள் பார்க்க வேணும் எண்டு சொல்லுற எல்லாம் இதிலதான் கிடக்கு" என்றார். டிஸ்ட்ரிக்ட் தடம் என்று அதற்குப் பெயர். அதன் முதல் பகுதி 1868-இல் திறந்தது. மேற்கே கியூ தோட்டம் பக்கம் போகும் ரயில் அப்படியே நகரத்தின் வயிற்றுக்குள் நுழைந்து கிழக்கே ஈஸ்ட் ஹாம் வரைக்கும், அதற்கு அப்பாலும் போகிறது. வண்டி மாற வேண்டியதில்லை. நாங்கள் மேற்கில் தொடங்கினோம்.

கியூ அரச தாவரத் தோட்டத்தில்தான் நம் கதையின் விதை முளைத்தது. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை அள்ளிக்கொண்டு வந்தார். கியூவில் விதைத்ததில் ஏறத்தாழ 2,700 முளைத்தன. பெரும்பகுதி கன்றுகளை இலங்கைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. கோலகங்சார் மாவட்ட அலுவலகம் பக்கத்தில் வேலி போட்டுப் பாதுகாக்கும் முதிய ரப்பர் மரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "1877-ஆ?" என்று கேட்டுவிட்டு நண்பர் சிரித்தார். டிஸ்ட்ரிக்ட் ரயில் கியூ வழியாக ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அவருக்கு ரயில் தேதிகள் எல்லாம் மனப்பாடம்.

1848-இல் முடிந்த இரும்பும் கண்ணாடியுமான பனைமர மாளிகைக்குள் நுழைந்தால் நம் ஊர்ப் புழுக்கம் முகத்தில் அடிக்கிறது. அங்கே ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. பெயர்ப்பலகையைப் பார்க்காமலே அந்த மூன்று விரல் இலையை வைத்து அடையாளம் கண்டேன். பட்டையில் கீறல் இல்லை. வெட்டுப்படாத ரப்பர் மரத்தை அவ்வளவு அருகில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கிள்ளானில் நான் வளர்ந்த காலத்தில் எந்த மரத்தைத் தொட்டாலும் சாய்வான வெட்டுக்கோடு கையில் தட்டுப்படும்.

அந்தச் சாய்வான வெட்டுக்குப் பின்னாலும் ஒரு கியூக்காரர் இருக்கிறார். ஹென்றி ரிட்லி 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்தார். மரத்தைச் சாகடிக்காமல், மெல்லிய பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு சொன்னவர் அவர். சட்டைப்பையில் விதையைப் போட்டுக்கொண்டு தோட்டக்காரர்களிடம் ரப்பர் நடுங்கள் என்று கெஞ்சினார். அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றார்கள். அப்போது சிலாங்கூரில் எல்லாருக்கும் காப்பி மோகம், கிள்ளான் வட்டாரம் முழுக்கக் காப்பித் தோட்டங்கள். பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்த பிறகுதான் அவர் பேச்சு காதில் ஏறியது. 1895-இல் காஜாங் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் நட்டதும், 1896-இல் மலாக்காவில் டான் சே யான் நட்டதும் தொடக்கம். ரிட்லி 100 வயதைத் தாண்டி வாழ்ந்து, 1956-இல் கியூவிலேயே இறந்தார். மலாயா ரப்பரின் பிறப்பையும் எழுச்சியையும் ஒரே மனிதர் கண்ணால் கண்டிருக்கிறார். அவர் சொல்லிக்கொடுத்த வெட்டை லட்சக்கணக்கில் செய்தவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் பெயர் கியூ தோட்டத்தில் எங்கும் இல்லை.

அவர்களைப் பற்றிய தாள் இருக்கும் இடம் அங்கிருந்து கொஞ்ச தூர நடைதான். இதைத்தான் நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். அதே கியூ ரயில் நிலையத்தில் இறங்கி, தோட்டத்துக்குப் போகாமல் வேறு திசையில் வீட்டுத் தெருக்களுக்குள் நடந்தால் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் வருகிறது. பழைய குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் கோப்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. கூட்டு மலாய் மாநிலங்களின் கடிதப் போக்குவரத்து சிஓ 717 என்ற வரிசையில் இருக்கிறது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோப்பு அதில் உண்டு. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டினால் வாசகர் அட்டை தருகிறார்கள். காசு கிடையாது. கோப்பை முன்கூட்டியே இணையத்தில் கேட்டு வைத்துவிட்டுப் போங்கள், மேசைக்கு வந்துவிடும். கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளவும் விடுகிறார்கள்.

இளையவர்களுக்காகச் சற்று நின்று சொல்கிறேன். 1941. ஐரோப்பாவில் போர். போருக்கு ரப்பர் வேண்டும், தோட்டங்களுக்குக் கொள்ளை லாபம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் என்று ஒன்று எழுந்தது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன், கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர். தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. நம் பெண்கள் மேல் கை வைக்காதே. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடு. மருத்துவ வசதி செய். கள்ளுக்கடையை மூடு. உறவினர் தோட்டத்துக்குள் வந்து பார்க்க விடு. துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து.

இந்தச் சைக்கிள் கோரிக்கையை நான் பல ஆண்டு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் போகிறவன், எதிரே ஒருவர் வருவதைக் கண்டு இறங்கி, தள்ளிக்கொண்டு, தலை குனிந்து நிற்க வேண்டும். கூலி உயர்வுக்குப் பக்கத்தில் இதையும் எழுதினார்களே, அந்தப் பட்டியலை எழுதிய மனிதர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஐந்து சென்ட், பத்து சென்ட் கணக்கோடு அவர்கள் நிற்கவில்லை. மனிதனாக எதிரில் வரவும் போகவும் உரிமை கேட்டார்கள்.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடச் சொல்லித் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. ராணுவம் இறங்கியது, சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் நம்மவர்கள் மடிந்தார்கள். ஆளுநர் ஷெண்டன் தாமஸ் லண்டனுக்கு அனுப்பிய விளக்கம், கிளர்ச்சிக்காரர்கள் தூண்டிவிட்டார்கள் என்பது. இதெல்லாம் கோப்பில் தட்டச்சு எழுத்தில் இருக்கிறது. அந்த வாசிப்புக் கூடத்தில் பேசக் கூடாது. நண்பர் ஒரு தாளைப் படித்துவிட்டு என் பக்கம் தள்ளுவார், நான் படித்துவிட்டு அவர் பக்கம் தள்ளுவேன். மாலையில் வெளியே வந்த பிறகு அவர் சொன்னார்: "என்ர அப்பா இந்தக் கதையை வீட்டில ஒருநாளும் சொன்னதில்லை." பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயிலில் ஒரு மணி நேரம்தான். அந்தத் தடம் 1886-லிருந்தே ஓடுகிறது.

இனி கிழக்கே போவோம். வழியில் ஸ்லோன் ஸ்குவேர் நிலையத்தில் இறங்கி, செல்சி பாலத்தைத் தாண்டினால் நான்கு பெரிய புகைபோக்கிகளோடு பேட்டர்ஸி மின்நிலையம் தெரியும். 1983-இல் மின் உற்பத்தியை நிறுத்தி, பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்த கட்டடம். 2012-இல் 40 கோடி பவுனுக்கு அதை வாங்கியவர்கள் மலேசியர்கள்: எஸ்பி செத்தியா, சைம் டார்பி, நம் ஊழியர் சேமநிதி வாரியம். 2022 அக்டோபரில் கடைகளோடும் வீடுகளோடும் திறந்தார்கள். இந்த மண்டபத்தில் சேமநிதிக்குச் சந்தா கட்டிய ஒவ்வொருவருக்கும் அந்தச் செங்கல்லில் ஒரு துகள் பங்கு இருக்கிறது. இதில் எனக்குப் பெருமை உண்டு, வலியும் உண்டு. சைம் டார்பியின் வீடமைப்பு வளர்ந்த மண் எது? சுபாங் ஜெயா நகரம் சீபீல்டு தோட்டத்தின் மேல் எழுந்தது. 2007-இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் என்ற மூன்று தோட்ட நிறுவனங்களும் ஒன்றாகி, நம் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரும்பகுதி ஒரே கூரையின் கீழ் வந்தது. அந்த மண்ணை லாபமுள்ளதாக ஆக்கிய தொழிலாளிகள் லயத்தை விட்டு வெளியேறியபோது அவர்களில் எத்தனை பேருக்குச் சொந்த வீடு கிடைத்தது என்ற கேள்வியைப் பேட்டர்ஸியின் வெளிச்சத்தில் நின்றுகொண்டு கேட்காமல் இருக்க முடியவில்லை. இன்று சீபீல்டு, எபோர், மிட்லண்ட்ஸ், ஹைலண்ட்ஸ் என்ற பெயர்களைத் தாங்கி நிற்பவை நம் தமிழ்ப்பள்ளிகள்.

அடுத்து செயின்ட் ஜேம்ஸ் பார்க். இறங்கிப் பூங்காவைக் கடந்தால் லேன்காஸ்டர் மாளிகை. 1956 பிப்ரவரி 8-ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் மலாயாவின் விடுதலைக்கான உடன்பாட்டில் கையெழுத்திட்ட இடம். உள்ளே போக முடியாது, வாசலில் நின்று பார்த்தோம். வெஸ்ட்மின்ஸ்டரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரியும். டெம்பிள் நிலையத்தில் இறங்கினால் சட்டம் படிக்கும் சங்கங்கள். காந்தியும் துங்குவும் இன்னர் டெம்பிளில் படித்தவர்கள். பக்கத்திலேயே அரச நீதிமன்றங்கள். 2007 ஆகஸ்டில் இண்ட்ராப் என்ற இந்து உரிமை இயக்கத்தின் சார்பில் வழக்கறிஞர் வேதமூர்த்தி, நம்மை இந்நாட்டுக்குக் கொண்டுவந்து கைவிட்டதற்காக பிரிட்டிஷ் அரசின் மேல் வழக்குப் பதிந்தது அங்கேதான். அதே ஆண்டு நவம்பர் 25-இல் இண்ட்ராப் பேரணியின்போது கோலாலம்பூர் தெருக்களில் என்ன நடந்தது என்பது இங்கே பலருக்குக் கண்ணீர்ப்புகையின் கண்ணெரிச்சலோடு நினைவிருக்கும். அரசியலில் நாம் எந்தப் பக்கம் நின்றாலும், கிள்ளான் தோட்டத்துக் கணக்கை லண்டன் நீதிமன்ற வாசலுக்குக் கொண்டுபோன அந்தச் செயல் வரலாற்றில் சரியான முகவரிக்குப் போன கடிதம் என்றே நான் கருதுகிறேன்.

மோனுமென்ட் நிலையத்தில் இறங்கி மின்சிங் லேன் போங்கள். வழிகாட்டிப் புத்தகங்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. சின்னத் தெரு. ஒருகாலத்தில் உலகத்தின் தேயிலையும் ரப்பரும் அங்கே ஏலம் போயின. 1930-களில் அங்கே கட்டிய வணிக மாளிகைக்குப் பெயரே பிளாண்டேஷன் ஹவுஸ். அதை இடித்துவிட்டு 2004-இல் கண்ணாடிக் கட்டடம் எழுப்பி, பிளாண்டேஷன் பிளேஸ் என்று பெயர் வைத்தார்கள். தெருவின் ஒரு முனையில் கிரேட் டவர் தெரு. கோல்டன் ஹோப் முதலிய நம் பக்கத்துத் தோட்டங்களை நிர்வகித்த ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டின் தலைமையகம் அங்கே இருந்தது.

1910-இல் இந்தத் தெருவில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். ஐந்து வெள்ளிக்கும் மேல் ஒரு ராத்தல்! நம் பாட்டன்களின் நாட்கூலியோ வெள்ளியைத் தொடாத சென்ட் கணக்கு. 1932-இல் அதே ராத்தல் 2 பென்ஸுக்கும் கீழே போயிற்று. விலை ஏறியபோது நாகப்பட்டினத்திலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து அனுப்பினார்கள். விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமில், இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், கைக்குழந்தையோடு கப்பலேறிய பெண்ணுக்கு மின்சிங் லேன் என்ற பெயரே தெரிந்திருக்காது. அங்கே ஒருவர் விலையைக் கூவினார், இங்கே ஒரு குடும்பம் அடுப்பை அணைத்தது. அந்த நடைபாதையில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அலுவலக இளைஞர்கள் கடந்து போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் சுவரில் ஒரு சிறு பலகையாவது வேண்டும் என்று தோன்றியது.

அதே நகரப் பகுதியின் பங்குச் சந்தையில்தான், 1981 செப்டம்பர் 7 காலை, மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் நான்கு மணி நேரத்துக்குள் கத்ரி கம்பெனியின் பங்குகளை வாங்கித் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனி மலேசியாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு 20 ஆண்டு முன்பே, துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கிய நாளில், ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தோட்டங்களை விலைக்கு வாங்கிக் காட்டினார். அரசாங்கப் பணம் செய்ததைப் பேசும் நாம், பால்வெட்டுத் தொழிலாளியின் பத்து வெள்ளி செய்ததையும் அதே குரலில் பேச வேண்டும்.

ஈஸ்ட் ஹாமில் இறங்கியதும் நண்பர் நடையே மாறிவிட்டது. ஹை ஸ்ட்ரீட் நார்த் என்ற அந்தக் கடைத்தெருவில் தமிழ்ப் பலகைகள், முருங்கைக்காய், நகைக்கடை, கொத்துரொட்டிச் சத்தம். சற்று நடந்தால் முருகன் கோயில், கோபுரத்தோடு. பெரும்பாலும் 1983-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் அந்த வட்டாரத்தைத் தமிழர் ஊராக்கினார்கள். அவருடைய தாத்தா ரயில்வே வேலைக்கு மலாயா வந்தார், அதே ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் போருக்குத் தப்பி லண்டன் வந்திருக்கிறார்கள். கடையில் ஓர் அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் மலேசியாவோ? அங்க கந்தசாமி கோயில் இருக்குதாம், என்ர பெரியம்மா சொல்லுவா" என்றார். பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலைக் கோயில்! நண்பர் அந்த அம்மாவோடு பேசி முடிக்கும்வரை நான் இரண்டு தேநீர் குடித்தேன்.

உங்களிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். கியூ கோப்பில் ஆளுநரின் சொல் இருக்கிறது, தோட்ட முதலாளிகளின் சொல் இருக்கிறது, போலீஸின் சொல் இருக்கிறது. வேலையை நிறுத்தியவர்களின் சொல் அங்கே மிகக் குறைவு. அது கிள்ளானிலும் பந்திங்கிலும் காப்பாரிலும் இருக்கும் வீடுகளில் இருக்கிறது. 1941-இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. அப்பா அடி வாங்கி வந்ததை, லயத்தில் அடுப்பெரியாமல் இருந்த நாட்களை, காலை ஆளெடுப்பான பெரட்டுக்குப் போகாமல் எல்லாரும் திடலில் உட்கார்ந்ததைப் பார்த்த கண்கள் இன்னும் சில இருக்கும். அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் இருப்பார்கள். நண்பரும் நானும் ஒவ்வொரு வீடாகப் போய்க் குரல் பதிவு செய்யத் தொடங்கிவிட்டோம். மேடைக்குக் கீழே நாற்காலியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பெரியவர் இருந்தால் அவர் இருந்த தோட்டத்தின் பெயரையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதுங்கள். பழைய சம்பள அட்டை, கப்பல் சீட்டு, தமிழ் நேசன் கத்தரிப்பு எதுவாக இருந்தாலும் கொண்டுவர வேண்டாம், நாங்களே வந்து படம் எடுத்துக்கொள்கிறோம். லண்டன் போகப்போகிறவர்கள் என்னிடம் வந்து கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாளையும் எங்களால் படம் பிடிக்க முடியவில்லை, இன்னும் நிறைய மீதம் இருக்கிறது.